உடனிருப்பவரும் மருந்தே

தோற்றுவாய்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதன் நிறைவுக் குறளை யாம் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து தொண்டு செய்பவர் என மருத்துவத்தை வள்ளுவப் பெருந்தகை நான்கு கூறாகப் பகுத்திருப்பதை எடுத்துக்காட்டி, 'நான்காவது கூறு செவிலியரைக் குறிக்கும்' என்று ஒரு தொடரில் முடித்துவிட்டு, அடுத்து வரும் 'குடிமை' அதிகாரத்திற்குச் சென்றுவிடுவது எம் வழக்கம். அந்த நான்காம் கூறு யாமே என்பதை, 2018ஆம் ஆண்டு எம் அன்னையாரின் கட்டிலருகே நின்றபோதுதான் உணர்ந்தோம்.

மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் பணித்தார். எழுத அமர்ந்தபோது மனம் இதனையே நாடிற்று. முற்றிய புற்றுநோயில், குருதியில் சுண்ணாம்புச் சத்து அளவு கடந்து மிகுந்துவிடும் நிலை ஒன்று உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அது இறப்பின் வாயிலாகவே தோன்றும். ஆனால் அது பல வேளைகளில் மாற்றத்தக்க நிலையாகும். இதனை அறியாமல் யாம் இழக்க இருந்தது எது, அறிந்தபின் பெற்றது எது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். யாம் மருத்துவர் அல்லேம். மருத்துவரிடம் கேட்டறிந்ததையும், பின்னர்ப் படித்துத் தெளிந்ததையும் மட்டுமே ஈண்டு எழுதுகிறோம்.

ஊரும் வீடும்

எம் ஊர் உளுந்தூர்பேட்டை. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், சேலத்திற்குச் சாலை பிரியும் இடத்தில் அமைந்தது. அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் தோன்றியபோது அதனுடன் சேர்ந்தது. உளுந்தாண்டார் கோயிலை ஒட்டி எங்கள் வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. மிளகு மூட்டைகளுடன் வந்த வணிகர் ஒருவர், 'இது என்ன?' என்று கேட்டவரிடம் 'உளுந்து' என்று பொய் சொன்னாராம். பின்னர் அவிழ்த்துப் பார்த்தால் மிளகெல்லாம் உளுந்தாகவே மாறியிருந்ததாம். இக்கதையைச் சிறு வயதில் எமக்குச் சொன்னவர் அம்மாதான். "இருக்கறத மறச்சா, இருக்கறதும் இல்லாமப் போயிடும்" என்று ஒவ்வொரு முறையும் அதனை முடிப்பார்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். அத்தாவின் மறைவுக்குப் பின் எம்மையும் எம் அக்காவையும் ஆளாக்கியவர். கணக்கில் புலி. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு அனைத்தும் மனத்திலேயே இருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. அதனுள் வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிறியதொரு பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம். புகையிலையை இடக்கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவதே அவர் பேச்சின் அடையாளமாகிவிட்டிருந்தது. யாரும் அதனைத் தீங்கென எண்ணவில்லை.

இத்தீங்கு தமிழ் மண்ணில் பழையது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில், எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற சாமர்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் நெடுங்காலம் பணியாற்றினார். திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் வாய்ப்புற்று மிகுந்து காணப்படுவதை ஓர் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, 1933இல் 'லான்செட்' இதழில் கட்டுரையாக வெளியிட்டார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைவிக்கும் என 1985இல் அறிவித்தது; புகையிலை இல்லாத தாம்பூலமும், ஏன், வெறும் பாக்குமே கூட அவ்வாறு விளைவிக்கும் என 2004இல் வெளியிட்ட தொகுதியில் உரைத்தது. நெய்யூரில் 1933இல் எழுதப்பெற்ற செய்தி உளுந்தூர்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர 84 ஆண்டுகள் ஆயின.

2017ஆம் ஆண்டு அம்மாவின் இடக்கன்னத்தில் தோன்றிய புண் ஆறவில்லை. சோதனையில் புற்று எனத் தெரிந்தது. அறுவை நடந்தது, கதிர்வீச்சும் தரப்பெற்றது. பேச்சு சற்றுக் குழறினாலும் பேச்சு இருந்தது. ஓராண்டிற்குள் நோய் கழுத்துக்கும் நுரையீரலுக்கும் பரவியது. இனி நோயை வேரறுக்க இயலாது, துன்பத்தைக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மாமாவும் யாமும் கலந்து பேசி, அம்மாவிடம் அதனைச் சொல்வதில்லை என முடிவு செய்தோம். 'புண் ஆறி வருகிறது' என்றே சொல்லி வந்தோம்.

பேச்சு அடங்கிய நாள்கள்

2018 ஆகஸ்டு 22 ஹஜ்ஜுப் பெருநாள். அன்று கட்டிலில் அமர்ந்தபடியே அடுப்படிக்கு உப்பும் காரமும் சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா. இரண்டு வாரம் கழித்து மாற்றங்கள் தொடங்கின. முதலில் தாகம். செம்பு செம்பாகத் தண்ணீர் கேட்டார். இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழித்தார். சர்க்கரை நோயோ என்று சோதித்தோம். சர்க்கரை அளவு இயல்பாகவே இருந்தது. பின்னர்க் குமட்டல், கடும் மலச்சிக்கல். அதன்பின் பகலெல்லாம் உறக்கம். இறுதியாகச் சொல் தடுமாறிற்று. எம்மைத் தம் தம்பியின் பெயரால் அழைத்தார். பல ஆண்டுகளுக்கு முன் மறைந்த அத்தா கடையிலிருந்து வந்துவிட்டாரா என்று வினவினார்.

ஒவ்வொரு குறிக்கும் யாம் ஒரு காரணம் கண்டோம். தாகமா, கதிர்வீச்சால் எச்சில் வற்றியிருக்கும். மலச்சிக்கலா, வலி மாத்திரையால் இருக்கும். உறக்கமா, தளர்ச்சி. பிதற்றலா, வயது 68 ஆயிற்றே. தனித்தனியே பார்த்தால் எல்லாக் காரணங்களும் பொருந்தவே செய்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் எமக்குத் தோன்றவில்லை.

இதனினும் பெரிய பிழை ஒன்றையும் யாம் செய்தோம். கால் கடுக்கிறது என்று அம்மா சொன்னதும், எவரையும் கேளாமல் மருந்துக் கடையில் கால்சியமும் வைட்டமின் டி-யும் கலந்த மாத்திரைகளை வாங்கிவந்து காலையும் மாலையும் கொடுத்தோம். எலும்பிற்கு நல்லது என்பது எம் நினைப்பு. இரத்தக் கொதிப்புக்காக அவர் நெடுநாளாக உட்கொண்டு வந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. அதில் தயசைடு வகை நீர்பெருக்கி மருந்து கலந்திருந்தது. அம்மருந்து சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியே வெளியேற விடாமல் தடுக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

செப்டம்பர் நடுவில் அம்மா கண் திறப்பதும் அரிதாயிற்று. ஸக்கராத் நிலை என்றே அனைவரும் கருதினர். உறவினர் கூடினர். யாசீன் ஓதினோம். ஸம்ஸம் நீரைக் கரண்டியால் உதட்டில் நனைத்தோம். மாமா கண்ணீருடன், "இந்த நேரத்துல தூக்கிட்டு அலையாதீங்க, நிம்மதியாப் போகட்டும்" என்றார். அவர் சொன்னது அன்பினால்தான்.

அக்கா மட்டும் ஒப்பவில்லை. அவர் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருந்தார். எத்தனை செம்பு நீர், எத்தனை முறை சிறுநீர், எந்த மாத்திரை, எப்போது உறக்கம் என்பனவற்றை நாள்தோறும் அதில் குறித்து வந்தார். "போன வாரம் வரைக்கும் பால் கணக்கைத் தப்பில்லாமச் சொன்னாங்க. நாலு நாள்ல புத்தி இப்படி மாறுமா, தம்பி? என்னமோ இருக்கு" என்றார். அவ்வொரு சொல்லால் 108 ஊர்தியை அழைத்தோம்.

குருதியில் சுண்ணாம்பு

நகரத்து மருத்துவமனை ஒன்றில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர், அம்மாவைப் பார்ப்பதற்கு முன் அக்காவின் நோட்டைப் புரட்டினார். தாகம், மிகு சிறுநீர், மலச்சிக்கல், உறக்கம், குழப்பம் என ஐந்து சொற்களை அடிக்கோடிட்டார். "கால்சியம் பார்த்தீங்களா?" என்று கேட்டார். யாம் விழித்தோம்.

அன்று மாலை முடிவு வந்தது. கால்சியம் 13.6. நலமுடையோர்க்கு அது 100 மில்லி குருதிநீரில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். மருத்துவர் அத்துடன் நிற்கவில்லை. குருதியிலுள்ள கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நோயால் மெலிந்தவர்க்கு அல்புமின் குறைந்துவிடுவதால், கால்சிய அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். அல்புமின் 4க்கு ஒவ்வோர் அலகு குறையும்போதும் கால்சியத்துடன் 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. அம்மாவின் அல்புமின் 2.5. எனவே உண்மையான கால்சியம் 14.8. பதினான்கைக் கடந்தால் கடுநிலை என்பர்.

'கால்சியம்' என்னும் பெயரே சுண்ணாம்பிலிருந்து பிறந்தது. 1808இல் ஹம்ப்ரி டேவி அத்தனிமத்தைப் பிரித்தெடுத்தபோது, இலத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்னும் சொல்லை அடியாகக் கொண்டு பெயரிட்டார். இதனைச் செவியுற்ற உறவினர் ஒருவர், "காலமெல்லாம் சுண்ணாம்பு தின்னாங்க; அதான் ரத்தத்துல ஏறிடுச்சு" என்றார். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும் அது பிழை. மருத்துவர் விளக்கியது வேறு.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. எலும்பு கல்தூண் போன்றதன்று. அதனை ஒருபுறம் அரித்தெடுக்கும் உயிரணுக்களும், மறுபுறம் கட்டியெழுப்பும் உயிரணுக்களும் ஓயாது வேலை செய்கின்றன. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் பின்னே பயறளவில் அமைந்த பாராதைராய்டுச் சுரப்பிகள், ஓர் இயக்குநீரைச் சுரந்து இவ்வரவு செலவை ஒழுங்கு செய்கின்றன. சில புற்றுக் கட்டிகள் அந்த இயக்குநீரைப் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அக்கட்டளையை உண்மையென நம்பி எலும்பு தன் சுண்ணாம்பையெல்லாம் குருதியில் கொட்டுகிறது. சிறுநீரகமும் அதனை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. புற்று இவ்வாறு ஏதோ ஒன்றைச் சுரக்கக்கூடும் என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இல் ஊகித்தார். அப்புரதம் இன்னதென 1987இல் கண்டறியப்பட்டது. வாய், நுரையீரல், சிறுநீரகம் முதலியவற்றின் புற்றுகளில் இவ்வாறு நேர்வதுண்டு. மார்பகப் புற்றிலும் மைலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றிலும், நோய் எலும்பிலேயே தங்கி அதனை அரிப்பதாலும் கால்சியம் மிகும்.

ஆகவே வெற்றிலைச் சுண்ணாம்பு குருதியில் ஏறவில்லை. பாலும் மோரும் குற்றவாளிகள் அல்ல. அம்மாவின் எலும்பே கரைந்து அவர் குருதியில் கலந்தது. யாம் கொடுத்த மாத்திரைகள் எரிகிற வீட்டில் எடுத்த எண்ணெய் போலாயின.

மிகுந்த கால்சியம் சிறுநீரகத்தின் நீர் தேக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. நீர் வெளியேறுகிறது, தாகம் எடுக்கிறது. குடிக்க முடியாமல் குமட்டல் வந்தால் உடல் வறள்கிறது. வறண்டால் சிறுநீரகம் மேலும் தளர்கிறது. கால்சியம் மேலும் ஏறுகிறது. குடல் சோம்புகிறது, மூளை மங்குகிறது. இச்சுழலுக்குள்தான் அம்மா சிக்கியிருந்தார்.

மருத்துவம்

முதல் மருந்து உப்புநீர். அதனை நரம்பு வழியே ஏற்றினர். கால்சிய மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் உடனே நிறுத்தினர். வயது முதிர்ந்தவர் ஆகையால் மூச்சுத் திணறல் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒரு நாளில் 3 லிட்டர் அளவு கொடுத்தனர். முன்னாளில் உடன் நீர்பெருக்கி ஊசியும் வழக்கமாகப் போடுவராம். இந்நாளில் நீர் மிகுந்து தேங்கினாலன்றி அதனைப் போடுவதில்லை.

சிறுநீர் நன்கு பிரிந்தபின் சோலிட்ரோனிக் அமிலம் 4 மில்லிகிராமை 15 நிமிடத்திற்குக் குறையாமல் மெல்ல ஏற்றினர். பிஸ்பாஸ்பொனேட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இம்மருந்தின் வரலாறு வியப்பிற்குரியது. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைக் காறை படியும். தொழிற்கூடக் குழாய்களில் இவ்வாறு காறை படியாமல் தடுக்கப் பயன்பட்ட பொருள்களின் உறவினமே இக்குடும்பம். 1960களில் சுவிட்சர்லாந்து அறிஞர் ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடைய குழுவினரும் அவை எலும்புக் கரைவைத் தடுப்பதைக் கண்டனர். எலும்பை அரிக்கும் உயிரணுக்களின் வாயை இம்மருந்து கட்டிவிடுகிறது. இதே குடும்பத்தின் பாமிட்ரோனேட்டும் பயன்படும். எனினும் சோலிட்ரோனிக் அமிலம் கூடுதல் பயன் தருவதை 2001இல் வெளியான ஒப்பாய்வு காட்டிற்று.

மருந்து உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு நாள் ஆகும் என்று மருத்துவர் முன்னரே சொல்லிவிட்டார். அதுவரை தாங்காது என்னும் கடுநிலையில் கால்சிடோனின் என்னும் ஊசியைச் சேர்ப்பர். அது சில மணி நேரத்திலேயே பயன் தரும். ஆனால் இரண்டு நாளில் உடல் அதற்குப் பழகிவிடும். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்க்கும், முன்சொன்ன மருந்துக்கு மசியாதவர்க்கும் டெனோசுமாப் என்னும் ஊசி உண்டு. நிணநீர்ப் புற்றிலும் மைலோமாவிலும் ஸ்டீராய்டு உதவும். நோய்க்கேற்ப மருந்து மாறும். அதனை முடிவு செய்வது மருத்துவர் கடன்.

மறுநாள் காய்ச்சல் கண்டது. யாம் அஞ்சினோம். 'எதிர்பார்த்ததுதான்' என்றார் மருத்துவர். தாடை எலும்பு மடிந்துபோகும் தீங்கு ஒன்று இம்மருந்தால் சிலர்க்கு உண்டாவதையும், தாடையில் கதிர்வீச்சுப் பெற்றவர்க்கு அதில் கூடுதல் கவனம் தேவை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மருத்துவர் கூறியவற்றுள் எம் நெஞ்சில் தைத்தது இது: "இது கேன்சருக்கு மருந்து இல்லைங்க சார். கேன்சர் அப்படியேதான் இருக்கும். கால்சியம் மறுபடியும் ஏறும். ஆனா சில வாரம் அம்மா அம்மாவா இருப்பாங்க."

மீண்ட நாள்கள்

நான்காம் நாள் காலை, செப்டம்பர் 18. கால்சியம் 11.2க்கு இறங்கியிருந்தது. கட்டிலருகே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தோம். "ஏன் அத்தா, இன்னிக்குக் காலேசு இல்லையா?" என்னும் குரல் கேட்டு விழித்தோம். பிள்ளையைக் கொஞ்சும்போது 'அத்தா' என்றழைப்பது அவர் வழக்கம். நோயாளியான தாம் எம்மை நலம் கேட்டதும் எமக்குப் பேச்சு வரவில்லை. அக்கா நோட்டை எடுத்து, 'காலை 6.20, பேசினாங்க' என்று எழுதினார்.

ஒரு வாரத்தில் வீடு திரும்பினோம். திரும்பிய அன்றிரவு அம்மா எம்மை அருகில் அமர்த்திக் கேட்டார்: "எனக்கு என்ன நோயின்னு உண்மையச் சொல்லு. மிளக உளுந்துன்னு சொல்லாத."

யாம் சொன்னோம். எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அழவில்லை. சற்று நேரம் முகட்டைப் பார்த்தபடி இருந்தார். பின்னர், "பரண் மேல தகரப்பெட்டி இருக்கு. அதுல உங்க அத்தாவோட துருக்கித் தொப்பி இருக்கும். எடுத்துட்டு வா" என்றார்.

தொப்பிக்குள் பழந்துணியில் சுற்றிய பணம் இருந்தது. 14,000 ரூபாய். கரும்பு வெட்டும் கூலிக்குச் செல்லும் அண்டைத் தெருப் பெண்மணி ஒருவர், குடிகாரக் கணவரின் கண்ணில் படாமல், மகள் திருமணத்திற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து அம்மாவிடம் கொடுத்துவைத்த பணம். அமானிதம். எழுத்தும் இல்லை, சான்றும் இல்லை. அம்மாவின் நினைவு ஒன்றே அதற்குப் பத்திரம்.

அப்பெண்மணியை அழைத்து வந்தோம். அம்மா நினைவிழந்து கிடந்த நாள்களில் அவர் மூன்று முறை வந்து வாயிற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். யாம் நலம் கேட்க வந்தவர் என்றே எண்ணியிருந்தோம். அவர் வாய் திறக்கவில்லை. "சாவக் கெடக்கற மனுசிகிட்ட காசு கேக்கலாமாங்க?" என்றார். பணத்தை எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மாவின் காலடியில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

அம்மா அந்த ஸக்கராத் தோற்றத்திலேயே மறைந்திருந்தால் என்னவாகியிருக்கும்? தகரப்பெட்டி என்றேனும் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். அப்பெண் கேட்டிருந்தாலும் யாம் நம்பியிருப்போமா என்பது ஐயமே. அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி எத்தனையோ பயான்களைக் கேட்டிருக்கிறோம். நான்கு நாள் உப்புநீரும் ஒரு குப்பி மருந்துமே அன்று அக்கடமைக்குத் துணைநின்றன.

அதன்பின் வந்த நாள்களில் அம்மா ஒவ்வொருவரையும் அழைத்துப் பொறுப்புத் தேடினார். மாமாவுடன் இருந்த பழைய நிலத்தகராற்றை இரண்டு சொல்லில் முடித்தார். பேத்தியின் நோட்டில் பால் கணக்கைச் சரிபார்த்தார். சுருக்குப்பையை எம்மிடம் கொடுத்து, "இத யாரும் தொடாதீங்க, குழி தோண்டிப் பொதச்சிடு" என்றார்.

இரண்டாம் முறை

அக்டோபர் 17 அன்று அக்காவின் நோட்டில் மீண்டும் செம்புகளின் எண்ணிக்கை கூடிற்று. தெளிவுடன் இருந்த நாள்கள் 29. மருத்துவரிடம் பேசினோம். மீண்டும் மருந்து தரலாம். ஆனால் நோய் விரைந்து பரவுவதால் பயன் குறைவாகவும் குறுகிய காலத்திற்கும் இருக்கலாம் என்றார். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அம்மா முன்னரே சொல்லியிருந்தார்: "இனி என்னத் தூக்கிட்டு ஓடாதீங்க. கொடுக்க வேண்டியதக் கொடுத்தாச்சு, சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு."

எனவே ஓடவில்லை. இதனை மருத்துவம் மறுத்தல் எனக் கருத வேண்டா. வலிக்கு மருந்து கொடுத்தோம்; வாயை நனைத்தோம்; குடல் இளக மருந்து தந்தோம்; புண் படாமல் புரட்டிப் படுக்கவைத்தோம். முதல் முறை மருத்துவமனைக்குச் சென்றதும் சரி. இரண்டாம் முறை வீட்டில் இருந்ததும் சரி. முதல் முறை செல்லாதிருந்தால், இரண்டாம் முறை எது சரி என்று சொல்ல அம்மாவின் சொல் எம்மிடம் இருந்திராது. மாத இறுதியில் கலிமாவுடன் அமைதியாக மறைந்தார். அன்று மீண்டும் யாசீன் ஓதினோம். இம்முறை ஐயமின்றி ஓதினோம்.

நிறைவாக

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களின் வீடுகளிலும், சமுதாயப் பெரியோர் நலம் விசாரிக்கச் செல்லும் வீடுகளிலும் புற்றுநோயால் படுத்திருப்போர் இருக்கக்கூடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய காலத்தில், சிகிச்சைக்காகச் சென்னை செல்வதே பெரும்பயணம். 2022இல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து தரும் நோய்த்தணிப்புச் சேவையும் அடங்கும். வாயில்கள் முன்னினும் அருகில் உள்ளன. தட்டுவதற்கு உடனிருப்பவர் வேண்டும்.

அவர் அறிய வேண்டியவை சிலவே. புற்றுநோயாளிக்குத் தாகமும் மிகு சிறுநீரும், மலச்சிக்கலும் குமட்டலும், உறக்கமும் குழப்பமும் ஒருங்கே சில நாள்களில் தோன்றுமாயின், 'கால்சியமும் அல்புமினும் பார்க்கலாமா?' என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் வாங்கிய சத்து மாத்திரை உட்பட, அவர்முன் வைக்க வேண்டும். தாமாக எதனையும் கொடுக்கலாகாது. எல்லாக் குழப்பமும் கால்சியத்தால் வருவதன்று. எல்லார்க்கும் மருந்து பயன் தரும் என்பதும் இல்லை. எனினும் கேளாமல் விடுவது ஒருவரின் இறுதிச் சொல்லை அவரிடமிருந்து பறிப்பதாக முடியலாம். தெளிவு மீண்டால், உண்மையை மறைக்காமல், அவர் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி என்று எங்கள் வீட்டுப் பெரியோர் சொல்வர். தேடல் என்பது மருந்துக் கடைக்குச் செல்வதோடு முடிந்துவிடுவதில்லை. கட்டிலருகே அமர்ந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதும் தேடலே.

இப்போதெல்லாம் 95ஆம் அதிகாரத்தின் நிறைவுக் குறளை நடத்தும் நாளில், அக்காவின் அந்த 40 பக்க நோட்டை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறோம். மாணவர் கைகளில் அதனைச் சுற்றவிடுகிறோம். 'காலை 6.20, பேசினாங்க' என்னும் வரி வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. நான்காம் கூறுக்கு யாம் தரும் உரை இன்று அவ்வளவே.